சோப்பு நுரைக்காத தண்ணீரில் குரோமைட் மிதக்காது: காந்தமும் நுரையும் கொண்டு தாது பிரிக்கும் வழி

தொண்டையார்பேட்டையில் ஒரு சின்ன தாதுப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒரே மூட்டை குரோமைட்டோடு (குரோமியம் எடுக்கும் கறுப்புத் தாது) மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பாடத்தில் படித்தபடிதான் எல்லாம் செய்தேன். அரைத்தேன், சலித்தேன், காரம் சேர்த்தேன், சோடியம் ஓலியேட் ஊற்றினேன். அது குரோமைட் பருக்கையில் ஒட்டி, அதை நுரைக்குமிழோடு மேலே தூக்க வேண்டும். மிதப்புத் தொட்டியில் நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிதான் மேலே வந்தது. ஓலியேட்டைக் கூட்டினேன், திப்பியும் கூடியது.

கண்ணாடிச் சாமான் கழுவ வரும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, அந்த போர் தண்ணில சோப்பு போட்டாலே திரிஞ்சு போவும். இதுல எப்டி நொர வரும்?" என்றார். ஓலியேட் என்பதே சோப்புதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேனில் இருந்தது மெட்ரோ தண்ணீர் இல்லை, பின்பக்கத்து போர் தண்ணீர் என்பது தெரியாது. கடலோரம் நிலத்தடி நீர் உப்பேறிய ஊர் இது. கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த தண்ணீரில், ஓலியேட் குரோமைட்டைத் தொடுவதற்கு முன்பே அவற்றோடு சேர்ந்து திப்பியாகிவிடுகிறது.

அதனால் இந்த வழிகாட்டியைத் தாதுவிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். டிப்ளமோ மாணவர்கள், ஆய்வுக்கூட உதவியாளர்கள், வார்ப்படப் பட்டறையில் மணலோடு புழங்குபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. ஐந்து கிலோ மாதிரியை வைத்து மேசை அளவில் செய்யும் சோதனைதான், ஆலை கட்டும் கணக்கு இதில் கிடையாது.

தண்ணீர்ச் சோதனை

ஒரு சதவீத ஓலியேட் கரைசல் தயாரித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் ஒலீயிக் அமிலத்துக்குச் சுமார் 1.4 கிராம் காஸ்டிக் சோடா. இரண்டையும் 60 டிகிரி சூட்டில் காய்ச்சி வடித்த நீரில் கலக்கிக் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். பாரிமுனைச் சந்துகளின் கெமிக்கல் கடைகளில் இரண்டுமே கிடைக்கும். பழைய கரைசலை நம்பாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள்.

பயன்படுத்தப் போகும் தண்ணீரில் 100 மி.லி. எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, ஓலியேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். சில சொட்டிலேயே நுரை கலையாமல் நின்றால் நல்ல தண்ணீர். நுரை நிற்காமல் வெள்ளையாகத் திரிந்துகொண்டே போனால் அது வேண்டாம். வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை இதற்கு நம்ப முடியாது. அது மொத்த உப்பைக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. ஆர்.ஓ. கேன் தண்ணீர் போதும். ஒரு சோதனைத் தொடருக்கு ஒரே தண்ணீர்தான். பாதியில் மாற்றினால் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

கையில் இருப்பது எந்தக் கல்?

நாட்டின் குரோமைட் இருப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒடிசாவில், பெரும்பாலும் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் நுக்கிஹள்ளிப் பட்டையில் உண்டு. நம் மாநிலத்தில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

சுகிந்தாவின் பொடித்தாதுவில் குரோமைட்டோடு கோயதைட் என்ற மஞ்சள்பழுப்பு இரும்புக் கனிமமும் களிமண்ணும் கலந்திருக்கும். செர்பென்டைன் பாறையில் உள்ள தாதுவில் பச்சைநிறச் செர்பென்டைனும் டால்க் என்ற மாக்கல்லும் இருக்கும். சித்தம்பூண்டிக் கல்லில் சிக்கல் வேறு: அங்கே இரும்பும் அலுமினியமும் குரோமைட் படிகத்துக்குள்ளேயே அதிகம். படிகத்துக்குள் அணுவோடு அணுவாக உட்கார்ந்திருக்கும் இரும்பைக் காந்தமோ நுரையோ வெளியே எடுக்க முடியாது. சுத்தமான இரும்புக் குரோமைட்டிலேயே குரோமிக் ஆக்சைடு சுமார் 68 சதவீதம்தான். இயற்கையில் குரோமியத்தின் இடத்தை அலுமினியம் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் அதற்கும் கீழேதான் கிடைக்கும். "அறுபது வரைக்கும் ஏத்திக் குடுங்க" என்று யாராவது கேட்டால், கல்லைப் பார்க்காமல் தலையாட்டிவிடாதீர்கள்.

அடையாளம் காண எளிய வழி: மெருகிடாத பீங்கான் ஓட்டில் கல்லைத் தேயுங்கள். குரோமைட் பழுப்புக் கோடு விடும், மேக்னடைட் என்ற இரும்புத் தாது கறுப்புக் கோடு விடும். இரண்டும் கறுப்புக் கற்கள்தான், ஏமாறுவது சுலபம்.

பழகுவதற்கு முதலில் ஒன்று

தாதுவில் கை வைப்பதற்கு முன், எஃகு வார்க்கும் பட்டறையில் கழித்த மணல் கொஞ்சம் கிடைத்தால் வாங்கி வந்து பழகுங்கள். சூடு அதிகம் தாக்கும் இடங்களில் அவர்கள் குரோமைட் மணலை வைப்பார்கள், மற்ற இடங்களில் சாதா சிலிக்கா மணல். அச்சை உடைக்கும்போது இரண்டும் கலந்துவிடும். கலந்த மணலைத் திரும்பப் பயன்படுத்தினால் உருகுநிலை இறங்கி வார்ப்பில் மணல் ஒட்டிக்கொள்ளும், அதனால் பட்டறைக்காரர்களே காந்தம் வைத்துப் பிரிக்கிறார்கள். இங்கே பருக்கைகள் ஏற்கெனவே தனித்தனி, அரைக்க வேண்டியதில்லை. காந்தம் என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மாதிரி எடுத்தல், உடைத்தல், அரைத்தல்

ஐந்து கிலோவையும் தார்பாயில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான அளவு வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். மூட்டையின் மேலிருந்து அள்ளுவது மாதிரி எடுத்தல் ஆகாது. கனமான குரோமைட் அடியில் இறங்கியிருக்கும்.

அரைப்பதில்தான் பாதி விஷயம் முடிவாகிறது. குரோமைட் பருக்கை கழிவுக் கனிமத்திலிருந்து விடுபடும் அளவுக்கு அரைக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். குரோமைட் நொறுங்கும் தன்மையுள்ளது. விட்டால் மாவாகிவிடும். மாவான குரோமைட்டைக் காந்தமும் பிடிக்காது, நுரையும் ஒழுங்காகத் தூக்காது. அதனால் எஃகு உருண்டைகளால் அரைக்கும் உருண்டை ஆலையைவிட, எஃகுத் தண்டுகளால் அரைக்கும் தண்டு ஆலை நல்லது. இரண்டிரண்டு நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு முறையும் சலித்து, சல்லடைக்கு மேலே நிற்பதை மட்டும் திரும்பப் போடுங்கள். சோம்பேறித்தனமாகப் பத்து நிமிடம் ஒரே மூச்சில் ஓட்டினால், அன்றைய வேலை அங்கேயே கெட்டது.

எப்போது நிறுத்துவது? ஒவ்வொரு சல்லடைப் பங்கிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து மைக்ராஸ்கோப்பில் நூறு கறுப்புப் பருக்கைகளை எண்ணுங்கள். வேறு கனிமம் ஒட்டாமல் தனியாக இருப்பவை தொண்ணூறைத் தாண்டினால் போதும். கண் வலிக்கும் வேலைதான், ஆனால் மற்ற எந்த அளவீட்டையும்விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

பிறகு 75 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்து இரண்டாகப் பிரியுங்கள். மேலே நிற்பது காந்தத்துக்கு. கீழே இறங்குவது சேறு நீக்கத்துக்குப் போகும்.

சேற்றை வடித்தல்

அரிசி களையும்போது கலங்கல் தண்ணீரை ஊற்றிவிட்டு அடியில் நிற்பதை வைத்துக்கொள்கிறோமே, அதே வேலைதான், கடிகாரத்தோடு செய்ய வேண்டும். வாளியில் தாதுப்பொடியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, லேசாகச் சோடியம் சிலிகேட் சேர்த்து, நன்றாகக் கலக்குங்கள். சிலிகேட் சேர்ப்பது நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்க. கலக்கல் அடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் விட்டு, மேலே உள்ள 10 செ.மீ. தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வேறு பாத்திரத்தில் விடுங்கள்.

ஏன் இரண்டு நிமிடம்? நம் ஊர் தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும். அடர்த்தி 4.5 உள்ள குரோமைட் துகள் சுமார் 19 மைக்ரானுக்கு மேல் இருந்தால், இரண்டு நிமிடத்தில் 10 செ.மீ. இறங்கிவிடும். அடர்த்தி 2.6 உள்ள செர்பென்டைன் அதே தூரம் இறங்க 28 மைக்ரான் இருக்க வேண்டும். ஸ்டோக்ஸ் விதியைப் போட்டால் இந்தக் கணக்கு வரும். எனவே வடிக்கும்போதே குரோமைட்டைவிடச் செர்பென்டைன் கொஞ்சம் பெரிய துகள்களாகவும் வெளியேறிவிடுகிறது. வடிப்பதை ஐந்தாறு முறை, மேல்தண்ணீர் தெளியும்வரை செய்யுங்கள். வடித்த சேற்றைக் கொட்டிவிடாமல் உலர்த்தி எடைபோட்டு வையுங்கள், கடைசிக் கணக்கில் அது தேவை.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து இதையே செய்ததைப் பார்த்திருக்கிறேன், நான் உட்பட. நுண்சேறு ஒவ்வொரு குரோமைட் பருக்கை மேலும் பூச்சாகப் படிந்து மருந்தை ஒட்டவிடாது. அதோடு அதன் பரப்பளவு அதிகம் என்பதால் ஊற்றும் மருந்தை எல்லாம் அதுவே குடித்துவிடும்.

காந்தம்: இரண்டு கட்டம்

முதல் கட்டம் கைக்காந்தம். காயலான் கடையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தமே போதும். பாலித்தீன் உறையில் சுற்றி, தட்டில் ஈரமாகப் பரப்பிய தாதுவின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டுவது மேக்னடைட். உறையை உருவினால் தானே கழன்று விழும். எண்ணூர் கடற்கரையில் காந்தத்தை மணலில் உருட்டி விளையாடிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் நேரே வலுவான காந்தப் பிரிப்பானில் போட்டால், மேக்னடைட் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு இயந்திரம் நின்றுபோகும். இன்னொரு லாபமும் உண்டு: மேக்னடைட் போனால் குரோமியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் உயரும். ஃபெர்ரோகுரோம் (இரும்பும் குரோமியமும் சேர்ந்த உலோகக் கலவை) உலைக்காரர்கள் பொதுவாக இந்த விகிதம் கூடுதலாக இருப்பதையே விரும்புவார்கள்.

இரண்டாம் கட்டம் வலுவான காந்தம். குரோமைட் காந்தத்தால் மிக மெல்லவே ஈர்க்கப்படும் பொருள். ஸ்பீக்கர் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கிட்டத்தட்ட ஒரு டெஸ்லா அளவுப் புலம் வேண்டும். உலர்ந்த கரடுமுரடுப் பங்குக்கு உருளைக் காந்தப் பிரிப்பான், ஈரமான பொடிப் பங்குக்கு ஈர வகை.

உலர் பிரிப்பானுக்கு வடசென்னைக் காற்று எதிரி. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றில் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருளையை விட்டு விழாது. 105 டிகிரியில் காயவைத்து, கை பொறுக்கும் சூட்டோடே ஊற்றுங்கள். மெல்லிய ஒற்றைப் பருக்கைப் படலமாக ஊற்ற வேண்டும், கொட்டக் கூடாது. மின்னோட்டத்தைக் கீழிருந்து படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒட்டியதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எழுதி வையுங்கள். எந்தப் படியில் குரோமைட் வரத் தொடங்குகிறது, எந்தப் படியில் பச்சைச் செர்பென்டைன் கூடவே வருகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஈர வகை இயந்திரம் இல்லாதவர்கள் அதன் தத்துவத்தையாவது பார்க்கலாம். காந்தம் ஒட்டும் ஸ்டீல் நாரைக் கண்ணாடிக் குழாயில் தளர்வாக அடைத்து, இருபுறமும் நியோடைமியம் காந்தம் வைத்து, தாதுக் குழம்பை மெதுவாக ஊற்றுங்கள். நாரின் மெல்லிய விளிம்புகளில் புலத்தின் வலு சட்டென்று மாறுவதால், பலவீனமான துகளும் அங்கே போய் ஒட்டும். காந்தத்தை எடுத்துவிட்டுக் கழுவினால் இறங்கும். முழுமையாகப் பிரியாது. ஆனால் புலத்தின் வலுவைப் போலவே அது மாறும் வேகமும் முக்கியம் என்று புரிந்துவிடும். விரல் இடுக்கில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த மேசைப் பக்கமே வர வேண்டாம்.

காந்தம் தோற்கும் இடம் கோயதைட். அதன் காந்த ஈர்ப்பும் குரோமைட்டினுடையதும் ஏறக்குறைய அருகருகே இருப்பதால், சுகிந்தா பொடியில் இரண்டும் கைகோத்து வரும். கரியோடு சேர்த்து வறுத்து கோயதைட்டை மேக்னடைட்டாக மாற்றிவிட்டுப் பிறகு மெல்லிய காந்தத்தால் எடுக்கும் முறை ஒன்று உண்டு. எரிபொருள் செலவை நினைத்துக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும்.

நுரை மிதப்பு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குரோமைட் ஆலைகளில் பெரும்பாலும் ஓடுவது நுரையோ காந்தமோ அல்ல, ஓடும் தண்ணீரில் கனத்தை வைத்துப் பிரிக்கும் சுருள் ஓடையும் ஆட்டுமேசையும்தான். குரோமைட் கனம், கழிவு லேசு. கல் அரித்து அரிசி எடுக்கும் அதே அறிவு. ஆனால் பொடிப்பங்கில் அந்த வழி வலுவிழக்கும், நல்ல குரோமைட் கழிவுக் குட்டைக்குப் போய்விடும். நுரைக்கு வேலை அங்கேதான். கரடுமுரடுப் பங்கை நுரையில் போடுவது காசைக் கரைப்பது.

சேறு நீக்கிய, 75 மைக்ரானுக்குக் கீழான பங்கில் 500 கிராமை இரண்டரை லிட்டர் தொட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி இரண்டு லிட்டர் குழம்பாக்குங்கள்.

தாதுவில் டால்க் இருந்தால் முதலில் அதைத் தொலைக்க வேண்டும். டால்க் பிறவியிலேயே தண்ணீர் ஒட்டாதது, எந்தச் சேகரிப்பானும் (ஓலியேட் போலத் துகளை நுரையோடு ஒட்டவைக்கும் மருந்து) இல்லாமலே மிதக்கும். ஒரு சொட்டு பைன் எண்ணெய் மட்டும் விட்டு, காற்றைத் திறந்து, வெள்ளையாக வரும் நுரையை வழித்துத் தனியே வையுங்கள்.

பிறகு காற்றை மூடிவிட்டு, சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்து பிஎச் அளவை 9.5 பக்கம் கொண்டுவாருங்கள். சலவைச் சோடாவையே பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது: காரத்தன்மையையும் தரும், தண்ணீரில் மிச்சமிருக்கும் கால்சியத்தையும் படியவைத்துவிடும். சுண்ணாம்பைப் போட்டால் நாமே கால்சியத்தைக் கொண்டுவந்து கொட்டியது போல ஆகும்.

அடுத்து சோடியம் சிலிகேட், டன்னுக்கு ஒரு கிலோ கணக்கில். 500 கிராமுக்கு அரை கிராம், அதாவது 5 சதவீதக் கரைசலில் 10 மி.லி. ஐந்து நிமிடம் கலக்குங்கள். இது சிலிகேட் கழிவுகளைக் கீழே அழுத்தும்.

கடைசியாக ஓலியேட். டன்னுக்கு 600 கிராமில் தொடங்குங்கள்: 500 கிராம் தாதுவுக்கு 0.3 கிராம், ஒரு சதவீதக் கரைசலில் 30 மி.லி. மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். 10 மி.லி. ஊற்றி, மூன்று நிமிடம் கலக்கி, காற்றைத் திறந்து, நுரையை வழித்து, பிறகு அடுத்த பத்து. முதல் பத்தில் வருவதுதான் பெரும்பாலும் சுத்தமான குரோமைட். மூன்றாவது பத்தில் கழிவும் சேர்ந்து ஏறும். மூன்றையும் தனித்தனித் தட்டில் வைத்தால், எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவையே சொல்லும்.

நுரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கறுத்து, கனத்து, விளிம்பில் வந்து உடைந்தால் குரோமைட் ஏறுகிறது. வெளுத்து, ஊதி, தொட்டியை விட்டு வழிந்தால் மருந்து அதிகம், அல்லது சேறு மிச்சம். திப்பியாக வந்தால் தண்ணீரைப் பாருங்கள். செர்பென்டைன் அதிகமுள்ள தாதுவில், தண்ணீர் நன்றாக இருந்தாலும் திப்பி வரலாம். அந்தக் கல்லே மக்னீசியத்தைக் கரைத்து விடும். அப்போது குழம்பை ஒருமுறை வடித்துப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள், கொஞ்சம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டும் உதவும்.

அமீன் வகை மருந்துகளாலும் குரோமைட்டை மிதக்க வைக்கலாம். ஆனால் சேற்றுக்கு அவை ஓலியேட்டைவிடவும் கூச்சப்படும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஓலியேட்டோடு நிற்கட்டும்.

கணக்கு

எல்லாப் பங்குகளையும் வடிகட்டி, உலர்த்தி, எடைபோடுங்கள். குரோமைட் அமிலத்தில் சுலபமாகக் கரையாது. சோடியம் பெராக்சைடோடு இரும்பு அல்லது நிக்கல் கிண்ணத்தில் உருக்கி, தண்ணீரில் கரைத்து, பெராக்சைடு போகக் கொதிக்கவைத்து, அமிலப்படுத்தி, ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் கொண்டு டைட்ரேஷன் செய்ய வேண்டும். பீங்கான் கிண்ணம் வேண்டாம், அரித்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. உள்ளே போனதில் குரோமிக் ஆக்சைடு 30 சதவீதம், கான்சன்ட்ரேட்டில் (பிரித்தெடுத்த நல்ல பங்கில்) 46, டெய்லிங்கில் (கழிவுப் பங்கில்) 10 என்று வைப்போம். முப்பதிலிருந்து பத்தைக் கழித்தால் 20, நாற்பத்தாறிலிருந்து பத்தைக் கழித்தால் 36. 20-ஐ 36-ஆல் வகுத்தால் எடையில் 55.6 சதவீதம் கான்சன்ட்ரேட்டாக வந்திருக்க வேண்டும். அதை 46-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் மீட்பு, அதாவது உள்ளே போன குரோமிக் ஆக்சைடில் கான்சன்ட்ரேட்டில் வந்து சேர்ந்தது, 85 சதவீதம். தராசில் நீங்கள் பார்த்த எடை இந்த 55.6-க்குப் பக்கத்தில் இல்லை என்றால், எங்கேயோ சிந்தியிருக்கிறது, அல்லது மாதிரி எடுத்ததில் கோளாறு. அந்தச் சோதனையை அறிக்கையில் சேர்க்காதீர்கள். வடித்துவைத்த சேற்றையும் மேக்னடைட்டையும் கணக்கில் சேர்த்த பிறகு மீட்பு எவ்வளவு இறங்குகிறது என்றும் எழுதுங்கள். சேற்றை ஒளித்துவைத்து 85 என்று காட்டும் அறிக்கைகள் நிறையப் பார்த்தாயிற்று.

மஞ்சள் தண்ணீர்

தாதுவில் உள்ள குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, பெரிய ஆபத்தில்லை. பொடியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டால் போதும். ஆனால் பெராக்சைடில் உருக்கிய நிமிடத்தில் அது ஆறு இணைதிறன் குரோமியமாகிவிடும், மஞ்சளாகத் தெரியும். புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுமேட்டிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்குவதும் இதுவே.

எனவே டைட்ரேஷன் முடித்த கழிவையும், மிச்சமான மஞ்சள் கரைசலையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சேருங்கள். அமிலப்படுத்தி, ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் மஞ்சள் போய்ப் பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டு பிஎச் அளவை 8.5 பக்கம் ஏற்றினால் சேறாகப் படியும். அந்தச் சேற்றை வடிகட்டி உலர்த்தி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். கழுவும் அக்காவிடம் அந்தக் கண்ணாடிச் சாமானைக் கொடுப்பதற்கு முன், முதல் இரண்டு அலசலையும் நாமே செய்து அதையும் டிரம்மில் ஊற்றிவிட வேண்டும். எங்கள் கூடத்தில் தொட்டித் தண்ணீர் போகும் சாக்கடை நேரே பக்கிங்ஹாம் கால்வாய்க்குத்தான் போய்ச் சேர்ந்தது.